ஆழத்துக்கு எப்படிப் போனார்கள்?

கேள்வி: ஆதிமனித எலும்புகள் ஆழமான குகைகளில் கிடைக்கின்றனவே, அவ்வளவு உள்ளேயா வசித்தார்கள்?

பதில்: பெரும்பாலும் இல்லை. வெளிச்சம் எட்டுகிற வாசல் பக்கம்தான் புழங்கினார்கள். எலும்புகளை வெள்ளம் உள்ளே அடித்துச் சென்றதும் உண்டு, விலங்குகள் இழுத்துப் போனதும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஓர் இளவயது ஆதிமனிதரின் மண்டையோட்டில் இரண்டு துளைகள். ஆய்வாளர் சி.கே. பிரெய்ன் சிறுத்தையின் கீழ்த்தாடைக் கோரைப்பற்களை அதில் பொருத்திப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின!

என்னை உலுக்குவது மெக்சிகோவின் ஓயோ நீக்ரோ என்ற குகைப்பள்ளம். 2007இல் முக்குளிப்பவர்கள் நீருக்கடியில் ஒரு பதின்வயதுப் பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். 12,000 ஆண்டுகளுக்கு முன் அந்தக் குகை வறண்டு கிடந்தது. இருட்டில் நடந்தவள் பெரும்பள்ளத்தில் விழுந்திருக்கிறாள்; இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோதுதான் தண்ணீர் உள்ளே வந்தது.

ஸ்பெயினின் அட்டபுவெர்க்காவில் 13 மீட்டர் செங்குத்துக் குழியின் அடியில் குறைந்தது 28 பேரின் எலும்புகள், 4,30,000 ஆண்டுப் பழமை. கூடவே ஒரே ஒரு செந்நிறக் கைக்கோடரி. இறந்தவர்களை உறவுகளே அங்கே இட்டார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. இட்டார்கள் என்றே நான் நம்புகிறேன்.