மோட்டர் பட்டறையும் கார்த்திகை மழையும்

கேள்வி: எனக்கு 24 வயது. உயர்தரம் கலைப்பிரிவு. இரண்டு வருடமாக ஒரு நிதி நிறுவனத்தில் நுண்கடன் அறவிடும் வேலை. தவணை கட்ட வழியில்லாத அம்மாமாரின் வாசலில் போய் நிற்க இனி என்னால் முடியாது. பின்னேரங்களில் மாமாவின் பட்டறையில் தண்ணீர் மோட்டர் திருத்தப் பழகுகிறேன். வேலையை விட்டு அதிலேயே இறங்கலாமா? "ரை கட்டின உத்தியோகத்தை விட்டுட்டு கிறீஸ் பூசப் போறியோ" என்று அம்மா அழுகிறார்.
- பெயர் வேண்டாம், விசுவமடு

பதில்: தம்பி, நானும் 25 வயதில் கணக்கெழுதும் கதிரையை விட்டு வயரிங் வேலைக்குப் போனவன்தான். முதல் ஆறு மாதமும் உளியால் சுவர் வெட்டினேன். ஒரு சுவிட்சைக்கூடத் தொட விடவில்லை. இரவில் கை நடுங்கும், சோறு பிசைய வராது. அதனால் கேட்கிறேன், மோட்டர் பிடித்ததா, இல்லை அறவிடப் போவது பிடிக்காமல் போனதா?

எரிந்த மோட்டர் ஒன்றை எடுங்கள். பழைய கம்பியின் சுற்றுகளை எண்ணி, தடிப்பை அளந்து, அதே கணக்கில் புதுக்கம்பி சுற்றுங்கள். பாதியில் யாரோ கூப்பிட்டு எண்ணிக்கை தவறினால் அவிழ்த்து முதலிலிருந்து. அப்போது எரிச்சல் வருகிறதா, திரும்ப எண்ணக் கை போகிறதா என்று பாருங்கள்.

உடனே விலக வேண்டாம். கிணற்றுத் தண்ணீரில் மிளகாயும் வெங்காயமும் நிற்கும் மாதங்களில் எந்தப் பட்டறையும் நிரம்பித்தான் இருக்கும். கார்த்திகை மழையில் அங்கே போய் இருந்து பாருங்கள். மழை மாதங்களில் வீட்டுக்கு என்ன வரும் என்று மாமாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தச் செலவைச் சேர்த்த பிறகு விலகலாம்.

அனுபவத்தை வைத்தே என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம், தெரியுமோ? வேலை செய்ததற்கான அத்தாட்சிகளோடு விண்ணப்பித்தால், செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். முறையாகப் படிக்க விரும்பினால் கிளிநொச்சி அறிவியல்நகர் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுங்கள், அம்மாவின் அழுகை பாதி குறையும்.

விலகும்போது சேவைக் கடிதம் வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் ஒழுங்காகப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், மாமாவின் கடன் கொப்பியை ஒருநாள் வாங்கிப் புரட்டுங்கள். எங்கள் ஊர் மேசன், மெக்கானிக் எவருக்கும் செய்த வேலைக்குக் காசு கேட்க வாய் வராது. வெங்காயம் விற்ற கிழமையில் யாரிடம், எப்படி முகம் நோகாமல் கேட்கலாம் என்பது அந்தப் பட்டறையில் உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.