கொப்பி யாருடைய கையில்?

கேள்வி: எனக்கு வயது 47. கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் நீரிழிவு என்று சொன்னார்கள். மனம் நன்றாக இருந்தால் உடம்பு தானாகச் சுகப்படும் என்று நம்புகிறேன். தினமும் காலையில் அது பற்றிய வீடியோக்கள் பார்ப்பேன். கிளினிக்கில் இருக்கிற முகங்களைப் பார்த்தாலே மனம் சோர்ந்துவிடும் என்பதால், ஓ.எல் படிக்கும் மகள்தான் என் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் குளிசை எடுத்து வருகிறாள். ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு வயலில் நிற்க முடியாத களைப்பு. மனைவியின் எதிர்மறைப் பேச்சுத்தான் காரணமோ? அவரை எப்படி மாற்றுவது?

பதில்: தம்பி, மனைவியை விடுங்கள். மகளைப் பற்றிப் பேசுவோம்.

ஒரே வரியில் அவளைச் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். கிளினிக் என்ன ஞாயிற்றுக்கிழமையா நடக்கிறது? பள்ளிக்கூட நாளில் விடியவே போய் நம்பர் எடுத்து, வருத்தக்காரருக்கு நடுவில் அந்தப் பிள்ளை வாங்கில் குந்தியிருக்கிறாள். உங்கள் மனத்தைச் சோர வைக்கும் அதே முகங்கள்தான் அங்கே. அவள் மனம் என்ன கல்லா? "அப்பா ஏன் வரவில்லை" என்று டொக்டர் கேட்டால் என்ன பொய் சொல்கிறாள் என்று ஒருநாளாவது விசாரித்தீர்களா?

இதற்கு நல்ல மனம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நான் பயம் என்பேன். பயப்படுவது குற்றமில்லை. ஆஸ்பத்திரி என்றாலே நெஞ்சு இறுகுகிறவர்கள் போரைக் கண்ட வன்னியில் நிறையப் பேர், ஏன் என்று எங்களுக்குத் தெரியாததா? ஆனால் தகப்பனின் பயத்தைப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது.

நம்பிக்கை உடம்புக்கு நல்லதுதான். ஏறக்குறைய 70,000 பெண்களையும் 1,400க்கு மேற்பட்ட ஆண்களையும் பல வருடம் கவனித்து 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நம்பிக்கை மிகுந்தவர்கள் சராசரியாக 11 முதல் 15 வீதம் வரை கூடுதலாக வாழ்ந்தது தெரிந்தது. அப்படிப்பட்டவர்கள் பொதுவாக உடம்பைக் கவனிக்கிறவர்களும்தான். 1991இல் வெளியான இன்னோர் ஆய்வு, எடை குறைக்க வந்த 25 பெண்களைப் பற்றியது. "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாக மெலிந்தார்கள். மெலிந்துவிட்டதாகவே இனிய கனவு கண்டுகொண்டிருந்தவர்களுக்கு, அப்படிக் காணாதவர்களைவிட ஏறத்தாழ 11 கிலோ குறைவாகத்தான் இறங்கியது. நீங்கள் இந்தக் கனவுக் கூட்டம்.

களைப்புக்கு வருவோம். இரத்தத்தில் சீனி ஏறினால் இப்படிக் களைப்பு வரலாம். எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டிவிடும், முதல்நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது. ஆனால் மகளின் கையில் ஊசி குத்தி உங்கள் சீனியைப் பார்க்க முடியுமா? ஆளைக் காணாத டொக்டர் பழைய குளிசையைத்தானே எழுதுவார்? வயலில் வெறுங்காலோடு இறங்குகிறவர் நீங்கள். சீனியால் கால் மரத்துப்போனால் முள் ஏறினாலும் தெரியாது, காலையும் காட்டுங்கள்.

மனைவி சொன்ன எதிர்மறைப் பேச்சு என்று ஒரு வசனம்கூட நீங்கள் எழுதவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்பதுதானே அது?

இன்றிரவே மகளிடம் கொப்பியை வாங்குங்கள். வாங்கும்போது மன்னிப்பும் கேளுங்கள், தகப்பன் கேட்டால் மரியாதை குறையாது. தனியே போகப் பயமென்றால் மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகட்டும்.