ராஜினாமாக் கடிதத்துக்கு மெட்டுப் போட்டவர்

கேள்வி: நண்பர் வீட்டுத் திருமண வரவேற்பில், மெல்லிசைக் குழுவைச் சேர்ந்த பெண் ஒருவர் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டைத் தொண்டை கிழியப் பாடினார். மணமக்கள் உருகிப்போனார்கள். எனக்கென்னவோ கூச்சலாகத்தான் பட்டது. 'உன்னை என்றும் நேசிப்பேன்' என்று திருப்பித் திருப்பிக் கத்துவதில் அப்படி என்ன ஆழம் இருக்கிறது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் கூச்சல் என்றதைக்கூட மன்னித்துவிடலாம், மணமக்கள் உருகியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 'நான் இங்கே இருந்தால் உனக்கு இடைஞ்சல், அதனால் கிளம்புகிறேன்' என்பதுதான் அந்தப் பாட்டின் தொடக்கமே. மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்கள் எதிரில் பாடுகிற பாட்டா அது? பல்லவிக்கு மட்டும் காது கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

உண்மையில் அது ஒரு ராஜினாமாக் கடிதம். எழுதியவர் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன். டென்னசி மலைப்பகுதியில், பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த ஏழை வீட்டில் பிறந்தவர். 'கண்ட்ரி' என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் பாடகர் போர்ட்டர் வாகனர் 1967-ல் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைச் சேர்த்துக்கொண்டார், ஊரறியச் செய்தார். சில ஆண்டுகளில் டாலிக்குத் தனிவழி போகும் எண்ணம் வந்தது. வாகனர் விடவில்லை. பேசினாலே சண்டை. பேசித் தீராது என்று தெரிந்ததும் டாலி வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டை எழுதி, அவர் எதிரிலேயே பாடிக் காட்டினார். வாகனர் அழுதுவிட்டார். பாட்டை நான் தயாரிப்பதானால் போகலாம் என்றாராம். டாலியே பலமுறை சொன்ன கதை. (அந்தக் கண்ணீரும் சீக்கிரமே காய்ந்தது: 1979-ல் 30 லட்சம் டாலர் கேட்டு வாகனர் டாலிமேல் வழக்குப் போட்டார்!)

1974-ல் டாலி பாடி வெளிவந்த இசைத்தட்டைத் தேடிக் கேளுங்கள். கடைசிச் சரணத்தை அவர் பாடவில்லை, பேசுகிறார். வாழ்க்கை உன்னிடம் கனிவாக நடந்துகொள்ளட்டும், நினைத்ததெல்லாம் கிடைக்கட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அன்பு கிடைக்கட்டும் என்று வாசற்படியில் நின்று சொல்கிற குரல் அது. குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை. இத்தனை சண்டைக்குப் பிறகு இப்படி ஒருவர் சொன்னால், கேட்கிறவர் எந்த முகத்தோடு 'போகாதே' என்பார்?

இதே பாட்டை அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டன் 1992-ல் ஒரு திரைப்படத்துக்காகப் பாடியது வேறு மாதிரி. தொடக்க வரிகளுக்கு வாத்தியமே கிடையாது, வெறுங்குரல். பிறகு ஓரிடத்தில் சட்டென்று நிசப்தம், ஒற்றை டிரம் அடி, சுருதி உயர்ந்து வெடிக்கிறது. டாலி விழுங்கிய அழுகை அங்கேதான் வெளியே வருகிறது. அமெரிக்கப் பாடல் பட்டியலில் 14 வாரம் அது முதலிடத்தில் இருந்தது. என் வோட்டு டாலிக்குத்தான். ஆனால் அந்த வெறுங்குரல் வரிகளைக் கேட்டபின் கூச்சல் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. நீங்கள் கேட்டது நகலின் நகல். பழியை அங்கே போடுங்கள்.

நண்பரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். அடுத்த வரவேற்புக்கும் அதே குழு வருவதானால், 1983-ல் 'தி போலீஸ்' குழு பாடிய 'எவ்ரி பிரெத் யூ டேக்' பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடட்டும். அதுவும் காதல் பாட்டு என்றுதான் வெகுகாலமாகப் பல திருமணங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. விட்டுப் போனவளின் ஒவ்வொரு மூச்சையும் வேவு பார்க்கிறவன் பாடுவது அது.