சிங்கப்பூர் க்ரூஸ் கேன்சல், டெபாசிட் திரும்ப வருமா?

அம்மா ஆபரேஷனுக்காக சிங்கப்பூர் க்ரூஸ கேன்சல் பண்ணீங்க, கட்டின முழுப் பணமும் போச்சுன்னு நீங்க புக் பண்ண நேரு வீதி டிராவல் ஏஜென்ட் சொல்றார்னு கேட்டிருக்கீங்க. அத அப்படியே நம்பாதீங்க சார். ஃபைனல் பேமெண்ட் தேதிக்கு (மீதிப் பணம் முழுசும் கட்ட வேண்டிய கடைசி நாள்) முன்னாடியே கேன்சல் சொல்லிட்டீங்கன்னா பெரும்பாலும் டெபாசிட்தான் சிக்கல், அதுக்கு மேல கட்டினது பொதுவா திரும்ப வரணும்.

ஆஃபர் ரேட்ல போட்டிருப்பாங்க, அதுல டெபாசிட் நான்-ரீஃபண்டபிளா இருக்கும், அதாவது திரும்பத் தர மாட்டாங்க, ஏஜென்ட் அப்படிச் சொல்றதுக்கு அதான் காரணம்னு தோணுது.

முதல்ல க்ரூஸ் கம்பெனியோட புக்கிங் நம்பர வாங்குங்க, ஏஜென்ட் ரசீது நம்பர் இல்ல. அத வச்சு கம்பெனிக்கே மெயில் போட்டு கேன்சல் எந்த தேதில பதிவாச்சுன்னு கேளுங்க. நீங்க போன்ல சொன்னது கணக்குல வராது, ஏஜென்ட் சிஸ்டத்துல போட்ட தேதிதான் கணக்கு, கப்பல் கிளம்பற நாள் நெருங்க நெருங்க பிடிக்கிற சதவீதம் ஏறிட்டே போகும், 25, 50, 75னு போய் கடைசில மொத்தமும் போயிடும். இன்வாய்ஸ்ல போர்ட் சார்ஜ், டேக்ஸ் தனியா இருக்கும், கப்பல் ஏறாதவங்களுக்கு அத பெரும்பாலும் திருப்பித் தந்துடுவாங்க, ஆனா கேட்டாத்தான்.

ஏஜென்ட்டோட சர்வீஸ் சார்ஜ் வராது, அத விட்டுடுங்க. டிசிஎஸ் (வெளிநாட்டு டூருக்குப் பணம் கட்டும்போதே வசூலிக்கிற வருமான வரி) பிடிச்சிருந்தா 26ஏஎஸ்ல, அதாவது உங்க பேர்ல பிடிச்ச வரியக் காட்டற ஐடி ஸ்டேட்மெண்ட்ல பாருங்க, ஐடி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். பதிலே வரலன்னா 1915க்கு போன் போடுங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன்.