முகத்தைப் படிக்கும் ஆப்புக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மகள் தனியார் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். இந்த வருஷம் 'சமூக உணர்வுக் கல்வி' என்று புதிதாக ஆரம்பிக்கிறார்கள். தினமும் காலையில் டேப்லெட்டில் ஒரு ஏஐ ஆப்பிடம் பிள்ளைகள் தங்கள் மனநிலையைச் சொல்ல வேண்டுமாம். அது முகத்தையும் பார்த்து, சோகமா கோபமா என்று குறித்துக்கொள்ளுமாம். பெற்றோர் கையெழுத்துக் கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. நல்லதுதானே என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. மகள் ஏற்கெனவே எல்லாவற்றையும் செல்போன் ஏஐயிடம்தான் கொட்டுகிறாள். நெருங்கிய தோழியோடு சண்டை. கரடி நடமாட்டம் இருப்பதால் இரண்டு பேரும் சேர்ந்துதான் தேயிலைத் தோட்டம் வழியாக பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் போய் வருகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் வகுப்பு வேறு, ஆப் வேறு. வகுப்பை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

கோபம் வந்தால் அதைக் கோபம் என்று அறிவது, அடக்கத் தெரிவது, அடுத்தவர் நிலைமையைப் புரிந்துகொள்வது, முறிந்த நட்பைச் சரிசெய்வது, யோசித்து முடிவெடுப்பது. இவ்வளவுதான் அந்தப் பாடம். இதனால் படிப்பு கெடாது. 213 பள்ளித் திட்டங்களை, சுமார் 2,70,000 மாணவர்களை வைத்து 2011ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் படிப்பிலும் 11 பெர்சன்டைல், அதாவது நூறு பேர் வரிசையில் சராசரியாகப் பதினோரு இடம், முன்னேறியிருந்தார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, பள்ளியின் சொந்த ஆசிரியர்களே இதை நன்றாக நடத்த முடிந்தது என்பதுதான். உங்கள் மகளுடைய வகுப்பில் யார் நடத்தப் போகிறார்கள்? டீச்சரா, டேப்லெட்டா? முதலில் அதைக் கேளுங்கள்.

கேமரா விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன். பள்ளிகளிலும் வேலையிடங்களிலும் முகம், குரல் இவற்றை வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் ஏஐயை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டுமே விலக்கு. காரணம் நமக்கும் புரியக்கூடியதே. காலைக் குளிரில் முகம் விறைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டிக்கொண்டு வந்திறங்கும் பிள்ளையின் முகத்தில் எந்த இயந்திரம் எதைப் படிக்கும்? நாலு நாள் 'சோகம்' என்று பதிவானால், ஐந்தாம் நாள் கேமராவுக்காகச் சிரிக்கப் பழகிவிடுவாள். உணர்வை வெளியே சொல்லப் பழக்க வேண்டிய வகுப்பு, மறைக்கப் பழக்கிவிடும்.

நம் நாட்டிலும் 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தகவலைக் கையாளப் பொதுவாகப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. அந்தப் பதிவுகளை யார் பார்ப்பார்கள், எங்கே சேமிப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: ஒரு பிள்ளை அதில் "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று எழுதினால், எந்த மனிதர், எத்தனை மணி நேரத்துக்குள் அவளிடம் வந்து பேசுவார்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத பள்ளி, எந்த ஆப்பையும் ஆரம்பிக்கக் கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரிடமும் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க டீச்சருக்கு நேரம் கிடைப்பதில்லை. பிள்ளைகள் நடித்துப் பார்க்க ஒரு சண்டைக் காட்சியைத் தமிழில் எழுதித் தரச்சொல்லி டீச்சர் ஏஐயைப் பயன்படுத்தட்டும். பாடம் தயாரிக்கும் நேரம் மிச்சமாகிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தால் எனக்குச் சந்தோஷமே.

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. செல்போனைப் பிடுங்காதீர்கள். அது திட்டாது, அலுத்துக்கொள்ளாது, ராத்திரி பதினோரு மணிக்கும் பதில் சொல்லும். பதின்மூன்று வயதுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் சண்டையில் இவள் பக்கக் கதை மட்டும்தான் அதற்குத் தெரியும். கேட்பவர் மனம் கோணாமல் பேசுவதும் அதன் சுபாவம். சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஒரு மாற்றத்தை, அது அளவுக்கு மீறி 'ஆமாம் சாமி' போடுகிறது என்று சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. "உன் மேல் தப்பே இல்லை" என்று தினமும் கேட்கும் பிள்ளைக்கு, தோழியிடம் போய் நிற்க மனம் எப்படி வரும்?

ஒருநாள் சமையல் நேரத்தில், "அது என்னதான் சொல்லுச்சு, படிச்சுக் காட்டு, கேட்போம்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். தீர்ப்பு சொல்லாமல் கேளுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "இதையே உன் தோழி அந்தப் போன்கிட்ட சொல்லியிருந்தா எப்படிச் சொல்லியிருப்பா?" உடனே பதில் வராது. கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் போகட்டும், விட்டுவிடுங்கள். கேள்வி அவளோடு போகும். சமாதானம் பேச நீங்களே தோழி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தினமும் சேர்ந்து நடக்கிறார்களே, அந்தப் பாதையில் அவர்களே பேசிக்கொள்ள இடம் கொடுங்கள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவித்தால், முதல் வாக்கியத்தைப் போனிடம் ஒத்திகை பார்த்துக்கொள்ளட்டும், தப்பில்லை.

அவள் சாப்பாட்டைக் குறைத்தாலோ, தூங்காமல் இருந்தாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ காத்திருக்க வேண்டாம். 14416 டெலிமானஸ் (மனநல உதவி எண்), 1098 சைல்டுலைன் (குழந்தைகள் உதவி எண்), இரண்டும் இலவசம். தமிழிலேயே பேசலாம். நீங்களே முதலில் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.