கசண்டு என்று சொல்லுங்கள்

கேள்வி: வீட்டில் பீர் தயாரிக்கிறேன் (இங்கே அதற்குத் தடையில்லை). இரண்டு வாரம் புளித்ததும் வாளியின் அடியில் விரற்கடை கனத்துக்குச் சேறு போல ஒரு கழிவு தங்குகிறது. தோட்டத்தில் கொட்டலாமா? கொஞ்சம் வயிற்றுக்குள் போனால் கெடுதலா? – ஒரு வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: கழிவு என்ற சொல்லை முதலில் வாபஸ் வாங்குங்கள், அப்புறம் பேசலாம்.

நெய் உருக்கிய சட்டியின் அடியில் இருப்பதை நம் வீடுகளில் யாராவது கழிவு என்பார்களா? அது கசண்டு. அந்தச் சட்டியிலேயே சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டி, முறுகிய முருங்கை இலையோடு உருட்டிக் கொடுப்பார் பாட்டி. கடைசி உருண்டைக்கு எங்கள் வீட்டில் அடிதடியே நடக்கும். எண்ணெய்க்கு மண்டி, ஆற்றுக்கு வண்டல், நெய்க்குக் கசண்டு. இத்தனை சொல் இருக்க, எதற்குக் கழிவு?

உங்கள் வாளியில் தங்குவது கொஞ்சம் பார்லிப் புரதம், கொஞ்சம் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ) துணுக்கு, மீதி ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவுமாக மாற்றிவிட்டு, வேலை முடிந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதில் ஏராளம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உறைமோர் போல அடுத்த வாளிக்கு அதையே எடுத்து ஊற்றலாம். ஈழத்துப் பாடநூல்களில் ஈஸ்டுக்கு மதுவம் என்று பெயர். அழகான சொல். இந்தப் பக்கத்தில் அதை நான் எழுதும்போதெல்லாம் 'ரொட்டிக்குள் மது எதற்கு' என்று கடிதம் வருகிறது. வரட்டும், எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் பர்ட்டன் இருக்கிறது. பாஸ் மதுவாலையில் மிஞ்சிய மதுவத்தை வாங்கி, உப்புப் போட்டுக் கரைத்துச் சுண்டவைத்து, 1902-ல் அங்கே மார்மைட் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ரொட்டியில் தடவுகிற அந்தக் கறுப்புக் களிம்பு உங்கள் வாளிச் சேற்றின் தம்பி.

1928-ல் பம்பாய்க்கு வந்தார் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். சோகை பிடித்த குரங்குக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார், தேறியது. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இடையில் 1929-ல் குன்னூரில் ஆராய்ச்சி, 1931-ல் சென்னையில் வேலை. சென்னையில் எங்கே? திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில்! இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான். அந்த வாசல் வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு லூசி வில்ஸைத் தெரியும்? நடிகர்களின் பிறந்த நாளுக்குப் பக்கம் ஒதுக்கும் பத்திரிகைகள், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இவருக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்க வேண்டும்.

மார்மைட்டில் இருந்த அந்தச் சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1945-ல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் யெல்லாப்ரகட சுப்பாராவ். அவர் படித்தது அதே திருவல்லிக்கேணியின் இந்து உயர்நிலைப் பள்ளியில், பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில். கதர் உடுத்தியதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் கீழ்ப்படியான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கிற மாத்திரையில் இருப்பது அந்த ஃபோலிக் அமிலம்தான்.

சரி, உங்கள் கேள்வி. கொஞ்சம் வயிற்றுக்குள் போனால் கெடுதலில்லை. ஜெர்மானியர்கள் கோதுமை பீரைப் புட்டியைச் சுழற்றி, அடிமண்டியையும் கலந்தே குடிக்கிறார்கள். நிறையப் போனால் வயிறு உப்பும், பேதியாகும். தோட்டத்து மக்குக் குழியில் தாராளமாகக் கொட்டலாம். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் மண்ணைப் போட்டு நன்றாக மூடிவிடுங்கள். ஹாப்ஸ் நாய்களுக்கு விஷம், உயிரே போய்விடும்.