மாஸ்டர் பதில்கள்: புது லீக், முதல் சீசன்

என் மகன் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில், சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். 2024-ல் அவர்கள் ஃபுட்பால் டீம் வேறு கான்ஃபரன்ஸுக்கு மாறியதாம். வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் இன்னும் அதே புராணம்தான். அப்படி என்ன இருக்கிறது அதில்?
– ஒரு தகப்பனார், கருங்கல்

பையனைத் திட்டாதீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் பேசியிருப்பேன்.

அங்கே கல்லூரி ஃபுட்பால் நாடு முழுக்க ஒரே லீக்காக நடப்பதில்லை. பத்துப் பதினெட்டுக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டம். அதைத்தான் கான்ஃபரன்ஸ் என்கிறார்கள். ஒரு சீசனுக்கு 12 ஆட்டம் என்றால் எட்டோ ஒன்பதோ அந்தக் கூட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். டி.வி. உரிமையை விற்பதும், வந்த காசைப் பங்கு போடுவதும் கூட்டம்தான். அதனால் யாரோடு மோதுகிறோம், கையில் எவ்வளவு வருகிறது, தேசிய பிளே-ஆஃபுக்கு வழி இருக்கிறதா, எல்லாமே எந்தக் கூட்டத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

உங்கள் மகனுடைய கல்லூரிக்குக் கொஞ்சம் பழைய கதை உண்டு. ஆட்டக்காரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்தார்கள் என்று 1987 சீசனையே ரத்து செய்தது, அங்கே கல்லூரி விளையாட்டுகளைக் கட்டி மேய்க்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு. 1988-லும் டீம் இறங்கவில்லை. இன்றும் அதை ‘மரண தண்டனை’ என்றுதான் சொல்கிறார்கள். 1996-ல் அவர்கள் இருந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் கலைந்தது. டெக்சாஸ் போன்ற பெரிய தலைகள் பிக் 12 என்ற புது வீட்டுக்குப் போனார்கள், இவர்களைக் கூப்பிட ஆளில்லை. அப்புறம் கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சின்ன லீக்குகளில்தான் பிழைப்பு.

2024 ஜூலையில் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் கதவைத் திறந்தது. எப்படித் திறக்க வைத்தார்கள் தெரியுமா? ‘ஒன்பது வருஷத்துக்கு எங்களுக்கு டி.வி. பணத்தில் பங்கு வேண்டாம்’ என்று சொல்லி! டல்லாஸ் பணக்காரர்கள் ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். காசு கொடுத்ததற்காகத் தூக்கில் போடப்பட்ட டீம், காசே வேண்டாம் என்று சொல்லி உள்ளே நுழைந்தது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே ஆட்டக்காரனுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று விதியும் மாறிவிட்டது. 1987 டீமில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

சரி, ஆட்டத்துக்கு வருவோம். புதிய கூட்டத்தில் எட்டு லீக் ஆட்டம், எட்டும் ஜெயம். டிசம்பர் 7-ஆம் தேதி சார்லட் நகரத்தில் கிளெம்சன் கல்லூரியுடன் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம். ஆரம்பத்தில் பின்தங்கிக் கிடந்து, ஏறி ஏறி வந்து, 16 வினாடி பாக்கி இருக்கும்போது 31–31 என்று சமமாக்கினார்கள். கிளெம்சன்காரன் பந்தைப் பிடித்து ஓடினான், ஒரு பாஸ் போட்டார்கள், கடைசி நொடியில் 56 கஜத்திலிருந்து ஒரு உதை. அடித்தவன் முதலாண்டு மாணவன். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 34–31. நம் ஊரில் அப்போது ஞாயிறு காலை. உங்கள் வீட்டு ஃபோன் அன்றைக்கு அடித்திருக்குமே?

தோற்றும் 12 அணி பிளே-ஆஃபில் இடம் கிடைத்தது. அங்கே பென் ஸ்டேட்டிடம் 38–10 என்று நல்ல அடி. அதைப் பற்றிப் பையன் அதிகம் பேசமாட்டான், நீங்களும் கேட்காதீர்கள்.

மாஸ்டர், கையால் பிடித்துக்கொண்டு ஓடுவதை எதற்கு ஃபுட்பால் என்கிறார்கள்?
– ஏழாம் வகுப்பு மாணவன், தூத்தூர்

அவர்கள் ஊரில் அவர்கள் வைத்த பேர், விடு மக்கா. நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து கஜம் முன்னால் நகர்த்த வேண்டும். நகர்த்தினால் இன்னொரு நாலு. எதிராளியின் கோல் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் பார்க்கலாம். நீ உன் பந்து களியை விடாதே.

பெரிய லீக்குக்குப் போகிற டீம் முதல் வருஷம் அடி வாங்கித்தான் தீர வேண்டுமா? மகளின் கல்லூரியிலும் இந்தப் பேச்சு ஓடுகிறது.
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

அப்படி ஒரு விதியும் இல்லை. 2024 சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரேகானும் வாஷிங்டனும் ஒரே நாளில், ஒரே பழைய வீட்டிலிருந்து பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போன கல்லூரிகள். ஒரேகான் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் சாம்பியன். வாஷிங்டன் மொத்தமாக ஆறு ஜெயம், ஏழு தோல்வி. இத்தனைக்கும் முந்தின சீசனில் வாஷிங்டன்தான் ஒரேகானை இரண்டு தடவை தோற்கடித்து, தேசிய இறுதி ஆட்டம் வரை போனது!

லீக் கடினம் என்றால் இரண்டு பேருக்கும்தானே கடினம்? நடந்தது என்னவென்றால், வாஷிங்டனின் கோச் அலபாமா கல்லூரிக்குப் போய்விட்டார். பாஸ் போட்டு ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸும் கூட ஆடியவர்களில் பலரும் தொழில்முறை லீக்குக்குப் போய்விட்டார்கள். பழைய லீக்கிலேயே இருந்திருந்தாலும் அந்த வருஷம் திண்டாடியிருப்பார்கள்.

அதே சீசனில் அரிசோனா ஸ்டேட் பிக் 12-க்கு வந்தது. சீசனுக்கு முன் பத்திரிகைக்காரர்கள் எடுத்த கணிப்பில் 16 அணியில் (பேர்தான் பிக் 12!) 16-வது இடம். முடிவில் சாம்பியன்.

இன்னும் பின்னால் போனால் 2012. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் மிசௌரியும் ஒன்றாக எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கான்ஃபரன்ஸுக்குள் நுழைந்தார்கள். அமெரிக்காவில் அதைவிட முரட்டு லீக் கிடையாது என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. ஏ அண்ட் எம் 11 ஜெயம், 2 தோல்வி. அலபாமாவை அதன் சொந்த மைதானத்தில் 29–24 என்று சாய்த்தது. மிசௌரிக்கு முக்கியமான ஆட்களெல்லாம் காயத்தில் படுத்துவிட்டார்கள், 5 ஜெயம், 7 தோல்வி. ‘இவர்களை எதற்குச் சேர்த்தீர்கள்?’ என்று கேட்டவர்கள் ஏராளம். அடுத்த வருஷம் காயம்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள், 12 ஜெயம், 2 தோல்வி, கிழக்குப் பிரிவில் முதலிடம். அந்த முதலிடத்தை உறுதி செய்த ஆட்டத்தில் தோற்றது யார்? ஏ அண்ட் எம்தான், 28–21.

ஆகவே லீக்கின் பேரைப் பார்க்காதீர்கள், பஸ்ஸில் யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இது நான் ஆடிய காலத்திலிருந்தே சொல்லி வருவது. 1990-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபோது, நாகர்கோவிலில் நாங்கள் இருந்த கல்லூரியும் புதிய பக்கம் வந்தது. மதுரை டீம்கள் இனி நம்மோடு இல்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ‘இனி கப் நமக்குத்தான்’ என்று பேசியவர்கள் உண்டு. பாளையங்கோட்டைக்காரர்களும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது போன பிறகு தெரிந்தது.

எங்கள் பஸ்ஸில் ஏறியவர்களில் வள்ளவிளைப் பையன் ஒருவன் இருந்தான், இடது பக்க ஆட்டக்காரன். வெறுங்காலோடு கடற்கரை மணலில் ஆடி வளர்ந்தவன். மணலில் பந்து உருளாதில்லையா, அதனால் கால் நுனியால் லேசாகத் தூக்கி, தரையில் விழுமுன் அடுத்த தட்டு தட்டுவான். கட்டாந்தரையில் ஆடிப் பழகிய பேக்குகள் காலை நீட்டும்போது பந்து முழங்கால் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்று, ‘ஏல, பந்தப் பாக்காத, இடுப்பப் பாருல!’ என்று தொண்டை கிழியக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வருஷம் அவனை நிறுத்த ஆளில்லை.

அப்புறம் பல்கலைக்கழக அணியோடு தென்மண்டலப் போட்டிக்குப் போனோம். புதுப் பல்கலைக்கழகம், எங்களை ஒருவருக்கும் தெரியாது. அதுவும் ஒரு பலம்தான் என்று நினைத்திருந்தோம். கேரளத்து அணி ஒன்றுடன் ஆட்டம். எதிரே வலது பேக்காக வந்து நின்றவன் எங்கள் ஆளைப் பார்த்ததும் சிரித்தான்: ‘எடா, நீயோ?’ எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பொழியூர்க்காரன். கோடை முழுக்க இருவரும் பூவார் பக்கம் ஒரே செவன்ஸ் டீமில் ஆடியவர்கள்! 90 நிமிடமும் இவனுக்குப் பந்து தூக்க இடமே கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள். எங்களுக்குத்தான் எரிந்தது.

மகளிடம் கேளுங்கள்: போன வருஷ டீமில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டு முடித்துப் போய்விட்டார்கள்? கோல்கீப்பர் இருக்கிறாளா? பதில் அதில்தான் இருக்கிறது.

டல்லாஸுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் என்ன சம்பந்தம்? வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது.
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

டல்லாஸையாவது மன்னிக்கலாம். அதே வருஷம் அதே அட்லாண்டிக் லீக்கில் சேர்ந்தவை ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும். இரண்டும் கலிஃபோர்னியாவில், பசிபிக் கரையோரம்! மூணாறு எஸ்டேட் டீமைக் கடலோர லீக்கில் சேர்த்த கதைதான்.

எல்லாம் டி.வி. பணம் செய்த வேலை. மேற்குக் கரையில் நூறு வருஷத்துக்கு மேல் வேர் விட்டிருந்த பசிபிக் லீக்கிலிருந்து 2024-ல் பத்துக் கல்லூரிகள் கிளம்பிவிட்டன. ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்று இரண்டு மட்டும் அம்போ என்று நின்றன. லாஸ் ஏஞ்சலஸ் பையன்கள் இப்போது லீக் ஆட்டத்துக்காக நியூ ஜெர்சி வரை பறக்கிறார்கள். சனிக்கிழமை ஆட்டம், திங்கட்கிழமை வகுப்பு. எனக்கு இது பிடிக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரனிடம் தோற்றால் வருகிற எரிச்சல், நாலு மணி நேரம் விமானத்தில் போய்த் தோற்றால் வராது. அந்த எரிச்சல் இல்லாமல் எதற்குக் கல்லூரி ஆட்டம்?

ஆனால் ஒன்று, பணம் பிரித்ததைப் பணமே சேர்த்து வைத்ததும் உண்டு. டெக்சாஸும் ஏ அண்ட் எம்மும் 1894 முதல் மோதி வந்த பங்காளிகள். ஏ அண்ட் எம் எஸ்.இ.சி.க்குப் போனதும், 2011-க்குப் பிறகு அந்த ஆட்டமே நின்றுபோனது. 2024-ல் டெக்சாஸும் அதே லீக்குக்கு வர, நவம்பர் 30 அன்று மறுபடி மோதினார்கள். டெக்சாஸ் 17–7.

நான் எங்கள் கல்லூரி கால்பந்து கேப்டன். இந்த வருஷம் எங்களை வேறு மண்டலத்தில் போட்டிருக்கிறார்கள். எதிர் டீம் எதையும் தெரியாது. என்ன செய்யலாம், மாஸ்டர்?
– செங்கோட்டை

தம்பி, முதலில் காகித வேலை. தகுதிப் படிவத்தில் ஃபோட்டோ, முதல்வர் கையெழுத்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், எல்லாம் பிசிகல் டைரக்டர் கையில் இருக்கிறதா என்று நீயே பார். ஒரு கையெழுத்து இல்லாமல் நல்ல ஸ்ட்ரைக்கர் வெளியே உட்கார்ந்ததைக் கண்ணால் கண்டவன் நான். அன்று அழுதது அவன் மட்டும் இல்லை.

அடுத்து, ஒரு நாள் முன்னதாகப் போ. மைதானத்தில் நடந்து பார். எந்தக் கோல் பக்கம் பள்ளம், மாலை வெயில் எந்தக் கீப்பர் கண்ணில் அடிக்கும், பக்கக்கோடு சுவரை ஒட்டி இருக்கிறதா, இதெல்லாம் டாஸுக்கு முன்னால் தெரிய வேண்டும். முதல் சுற்றில் அவர்கள் ஆட்டம் நடந்தால் இரண்டு பேரை அனுப்பு. ஃபோனில் படம் பிடிக்கத் தேவையில்லை, கார்னர் எடுக்கும்போது யார் முன் கம்பத்துக்கு ஓடுகிறான் என்று மட்டும் எழுதி வரச் சொல்.

பெஞ்சில் உட்காரும் பையன்களைப் பயிற்சியில் முழு நேரம் ஆட விடு. புது மண்டலத்தில் தொடர்ந்து இரண்டு நாள் ஆட்டம் வைத்தால் ஜெயிக்க வைப்பது அவர்கள்தான். இன்னொன்று, ஆட்டத்துக்கு முந்தின இரவு பார்டர் கடைப் பரோட்டா வேண்டாம். ஜெயித்துவிட்டு எத்தனை வேண்டுமானாலும் தின்னு, ஆனால் பில் உன் தலையில்.

எங்கள் வீடு நீரோடியில், என் நண்பன் வீடு பொழியூரில். நடந்தால் கொஞ்ச தூரம்தான். நான் தமிழ்நாட்டுக்கு ஆடினால் நல்லதா, கேரளத்துக்கு ஆடினால் நல்லதா?
– ஒரு பிளஸ் டூ மாணவன், நீரோடி

உன் பாட்டன் காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே மாநிலம். இப்போது ஒரு சமயத்தில் ஒரு சங்கத்தில்தான் பதிவு இருக்கலாம். மாற வேண்டுமென்றால் முறைப்படி டிரான்ஸ்ஃபர் வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் பேர் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே. உன் ஊருக்குப் பக்கத்து இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று போய் ஐ.எஸ்.எல். ஆடியவர். கூப்பிடுகிறவன் எந்த ஊர் என்று பார்க்காதே, உன் இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறான், நீ உள்ளே இறங்க இடம் இருக்கிறதா என்று விசாரி. அப்புறம், பிளஸ் டூ பரீட்சை எப்போது?